நடையின் அகலம் மூன்றடி

இதைக் கேட்கத் தொடங்குபவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, எட்டாங்கல் குடியிருப்பின் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் ஒரே வீடு என்பது. ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் வீடுகள் என்று சொன்னால் அது போதாது. கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்தவர்களை ஊருக்கு வெளியே எட்டு மைல் தள்ளிக் குடியமர்த்துவதென்று முடிவானபோது, பொறியாளர் ஞானதுரையின் அலுவலகத்தில் வரைபடம் வரையும் சுகந்தி, கணினித் திரையில் ஒரு வீட்டை முப்பரிமாணத்தில் வரைந்தாள்; அந்த ஒன்றையே முந்நூற்றுப் பதினோரு முறை நகலெடுத்து ஆறு தெருக்களாக அடுக்கினாள். அப்படி எடுத்த நகல்களின் இயல்பு, எந்த ஒன்றில் கைவைத்தாலும் எல்லாவற்றிலும் கைவைத்ததாகிவிடும் என்பது. அடுத்து அறிய வேண்டியது, திரையின் வலப்பக்கத்தில் ஒரு சிறிய கட்டம் உண்டு. தேர்ந்தெடுத்த வடிவத்தின் நீளம், அகலம், உயரம், நிறம், பொருள், ஒளி ஊடுருவும் அளவு ஆகிய பண்புகள் அதில் எண்களாகவும் சொற்களாகவும் நிற்கும். ஓர் எண்ணை அழித்து வேறோர் எண்ணை இட்டால், வடிவம் புதிய எண்ணுக்குப் பணியும். வீட்டின் அமைப்பையும் அறிய வேண்டும்: வாசற்கதவைத் திறந்தவுடன் மூன்றடி அகலத்தில் ஒரு நடை, நடையின் மறுபுறம் கதவுக்கு எதிரே ஒரு சுவர், சுவருக்கு அப்பால், நடையின் இடக்கோடி வழியாக நுழைய வேண்டிய பத்தடிக்குப் பத்தடி அறை. இவற்றோடு, மூன்றாம் தெருவில் நூற்று நாற்பதாம் எண் வீட்டின் அறையில் சங்கிலி படுத்திருந்தான் என்பதையும் அறிந்துகொண்டால் போதும்.

குடியேறிய நாளில் இரண்டு தகரப் பெட்டிகளை இரண்டு தோளிலும் சுமந்து அந்த நடையைத் தன் காலால் கடந்தவன் அவன். மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளி. வெங்காய லாரியின் உச்சியிலிருந்து விழுந்து, இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஊன்றுகோலோடு திரும்பி வந்தபோதும் நடந்துதான் வந்தான். அதன்பிறகு முதுகெலும்பு சிறிது சிறிதாக இறுகியது. முதலில் நடக்கவும் பின்னர் உட்காரவும் முடியாமற்போயிற்று. தூக்குவதானால் பலகையில் மட்டமாகக் கிடத்தித்தான் தூக்க வேண்டும் என்று பார்க்க வந்த மருத்துவர் சொல்லிப்போனார். பலகை ஆறரையடி. அறையிலிருந்து நடைக்குள் திரும்பவும், நடையிலிருந்து வாசற்கதவுக்குத் திரும்பவும் அதற்கு இடமில்லை. ஒருமுறை நான்கு பேர் சேர்ந்து பலகையோடு அவனை நிமிர்த்தித் திருப்பப் பார்த்தார்கள். கண்கள் மேலே செருகி, மூச்சு நின்று, மறுபடி வருவதற்குள் அவன் மனைவி ராக்கம்மாள் தன் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன்பின் எவரும் முயலவில்லை. சுவரை இடிக்கவும் வழியில்லை. சுவரில் கைவைக்கும் குடும்பம் வீட்டை இழக்கும் என்று ஒதுக்கீட்டு ஆணையின் ஏழாம் பத்தி சொன்னது. ஆகவே சங்கிலி இரண்டு ஆண்டுகளாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, தெருக்கோடிக்கு அப்பால் நாற்கரச் சாலையில் போகும் லாரிகளைக் காதால் பின்தொடர்ந்துகொண்டிருந்தான். என்ன பாரம், எத்தனை டன், டிரைவர் தூங்கி வழிகிறானா என்பதுவரை சொல்வான். ராக்கம்மாளுக்கு உலகத்தில் ஒரே ஒரு வேண்டுதல் இருந்தது: அவனைப் பலகையோடு தெருக்கோடிக்குக் கொண்டுபோய், ஒரு லாரி வருவதையும் போவதையும் அவன் கண்ணால் பார்க்கச் செய்ய வேண்டும்.

சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, சன்னலின் அடிமட்டம் நான்கடி இருக்க வேண்டிய இடத்தில் மூன்றடி என்று இருப்பதைக் கண்ட சுகந்தி, மூன்றை அழித்து நான்கு என்று இட்டாள். எட்டு மைலுக்கு அப்பால் முந்நூற்றுப் பன்னிரண்டு சன்னல்கள் ஓரடி மேலே ஏறின. மூன்றாம் தெருவில் சன்னலோரம் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்த செல்லக்கனி, மடியில் கிடந்த வெளிச்சம் எழுந்து எதிர்ச்சுவருக்குப் போனதைக் கண்டு, முக்காலிக்கு அடியில் இரண்டு செங்கற்களை வைத்து ஏறி உட்கார்ந்து மீதிக் கொக்கிகளைத் தைத்தாள். மாலையில் பெண்கள் குழாயடியில் கூடியபோது, திரைச்சீலைகள் எல்லாம் கீழே ஓரடி வீணாகத் தொங்குவதைப் பற்றியே பேச்சாக இருந்தது. ஏன் நடந்தது என்று எவரும் கேட்கவில்லை. யாரிடம் கேட்டால் நடக்கும் என்பதைத்தான் கேட்டார்கள்.

அதைக் கண்டுபிடித்து வந்தவர் குடியிருப்போர் சங்கத் தலைவர் மாயழகு. ஷேர் ஆட்டோ ஓட்டுபவராதலால் ஒன்பது பேரைத் தம் வண்டியிலேயே திணித்து ஞானதுரையின் அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். ஞானதுரை அவர்கள் சொன்னதைக் கேட்டார். சுகந்தியிடம் சன்னலை இறக்கி ஏற்றச் சொல்லி, குடியிருப்பில் இருந்தவர்களைக் கேட்டுத் தொலைபேசியில் சரிபார்த்துக்கொண்டார். தாம் வரைந்தபடி கேட்காத கட்டடங்களைத்தான் முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருவதாகவும், ஒன்றாவது கேட்கிறதென்றால் நிம்மதிதான் என்றும் சொல்லிவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் மூன்றிலிருந்து ஐந்து மணிவரை திருத்த நேரம் என்று வகுத்தார். ஒரு நிபந்தனையும் விதித்தார்: ஒரு வீட்டுக்குச் செய்வது எல்லா வீட்டுக்கும் ஆகுமாதலால், மனு எதுவாயினும் எல்லா வீட்டாரும் கையெழுத்திட வேண்டும்.

இவ்வாறு எட்டாங்கல்லுக்குப் புதிய வழக்கங்கள் உண்டாயின. திருத்த நேரம் நெருங்கும்போது ஒவ்வொரு வீட்டாரும் பானைகளையும் கண்ணாடிப் பொருள்களையும் சாமி படத்தையும் எடுத்துவந்து தத்தம் வாசலுக்கு முன்னால் வைத்து, அவற்றுக்குக் காவலாக அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொள்வார்கள். உள்ளே சுவர் அசையும் ஓசை அடங்கியபின், மூத்த பெண் ஒருத்தி முதலில் நுழைந்து பார்த்துவருவாள். சுவர்களின் ஒளி ஊடுருவும் அளவை எக்காரணத்தாலும் தொடலாகாது என்று பெண்கள் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டார்கள். சுகந்தியும் அதைத் தொட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பொருள்களின் பட்டியலில் செங்கல் என்பதைத் தேர்ந்தெடுக்கப்போய் அதற்கு அடுத்திருந்த புல் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டாள்; சுற்று வட்டார ஆடுகள் எல்லாம் வந்து சேர்ந்து முக்கால் மணி நேரம் மேய்ந்தன; அவள் மீட்டெடுத்தபோது சுவர்கள் செங்கல்லுக்குத் திரும்பினவேயன்றி ஆடு கடித்த இடங்கள் திரும்பவில்லை. செய்ததை மீட்கலாம், செய்ததன்மேல் பிறர் செய்ததை மீட்க முடியாது என்பதை அன்று எல்லாரும் தெரிந்துகொண்டு, ஓட்டைகளில் துணியை அடைத்தார்கள். எதையும் அழிக்கலாகாது என்பதும் தெரிந்தது. சுவரையும் கூரையையும் ஒரே திண்மமாக வரைந்திருந்தபடியால், சுவரை அழித்தால் கூரையும் போகும்.

இவற்றுள் உண்மையாகவே உதவியது ஒன்று. குடியிருப்பு நின்றது சதுப்பு நிலத்தைத் தூர்த்த இடத்தில். ஆண்டுக்கு ஓரடி தாழ்ந்துகொண்டே போகும். ஐப்பசி பிறக்கும் முன் சுகந்தி வீட்டின் தரைமட்டத்தில் ஓரடி கூட்டுவாள்; மழைநீர் வாசலைத் தொட்டுவிட்டுப் போகும். அந்த உதவியின் அருமை, எண்பத்தெட்டாம் எண் வீட்டுப் பரமானந்தத்தால் தெரியவந்தது. அடுக்களை தென்கிழக்கில்தான் இருக்க வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றபோது, நகல்களுள் ஒன்றை மட்டும் தனியாக்கும் கட்டளை ஒன்று இருப்பதைச் சுகந்தி சொன்னாள். அவர் வீடு தனியாக்கப்பட்டது. அடுக்களையும் தென்கிழக்குக்குப் போயிற்று. ஐப்பசியில் முந்நூற்றுப் பதினோரு வீடுகள் ஓரடி எழும்பின. எழும்பிய வீடுகளின் தண்ணீர் முழுவதும் எழும்பாத ஒரு வீட்டைத் தேடி வந்தது. மறுபடி சேர்க்கச் சுகந்தி மூன்று நாள் முயன்றாள். ஒருமுறை பிரித்ததை அந்த மென்பொருள் வேறொரு பொருளாகவே கருதியது. அதுமுதல் பரமானந்தம் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை. கருத்துக் கேட்டால், “நான் வேற வீடுப்பா” என்பார்.

தனியாக்கும் கட்டளையைத் தன் வீட்டுக்குக் கேட்கலாமா என்று ராக்கம்மாள் யோசித்திருக்கிறாள். சங்கிலிதான் வேண்டாம் என்றான். “தண்ணி வந்தா எல்லாரும் எந்திரிச்சு ஓடுவாக. நான் மெதந்துல்ல போகணும்” என்றான். அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

திருத்த நேரத்தில் ஊரே வாசலில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே இருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. அவன் வெளியே வர முடியாது. அவள் வெளியே போகமாட்டாள். கட்டிலின் தலைமாட்டில் நின்று, பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவர் வளர்வதையும் அலமாரி இடம் பெயர்வதையும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். கூரையை ஓரடி உயர்த்திய நாளில் அவள் கண்ணைத் திறந்தபோது, அவன் மேலே பார்த்தபடி, “பரவாயில்ல, ஃபேனு தள்ளிப் போயிருச்சு. எனக்கும் தூரத்துல பாக்க ஒண்ணு கெடச்சிருக்கு” என்றான்.

நடையை அகலமாக்க வேண்டும் என்ற அவளது மனு, தண்ணீர்த்தொட்டியின் கீழ் நடந்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது. செல்லக்கனி தையல் நாடாவால் அளந்து, தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஆறடி இருந்தால் பலகை இரண்டு இடத்திலும் திரும்பும் என்று காட்டினாள். வீட்டின் வெளிச்சுவர்கள் அடுத்த வீட்டோடு ஒட்டியவை, அசையாதவை. ஆகவே நடைக்குக் கூட்டும் மூன்றடியை அறையிலிருந்துதான் எடுக்க வேண்டும். பின்வரிசையிலிருந்து ஒருவர், எட்டுப் பேர் ஏழடியில் நின்றுகொண்டு தூங்குவதா என்று கேட்டார். அவர் தூங்கும்போது விடும் குறட்டைக்கு நிற்க வைப்பதே நல்லது என்று அவர் மனைவி சொன்னாள். சிரிப்பு அடங்கியதும் ராக்கம்மாள் எழுந்தாள்.

“நெரந்தரமாக் கேக்கலண்ணே” என்றாள் மாயழகிடம். “கால் மணி நேரம். அவரைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோயி, ஒரு லாரியக் காட்டிட்டு, திருப்பிக் கொண்டாந்து போட்டுருவேன். அப்புறம் சுவரு இருந்த எடத்துக்கே போகட்டும்.”

எவரும் எதிர்க்கவில்லை. எதிர்த்தவர்களோடு வாதிட்டிருக்கலாம், ஒப்புக்கொண்டவர்களோடு அவள் என்ன செய்வாள்? கால் மணி நேரத்துக்கு ஆனாலும் சுவர் நகரும். நகர்ந்தால் அதில் சாய்த்திருக்கும் பீரோ முன்னால் தள்ளப்படும். மற்ற மூன்று சுவர்களிலும் சன்னலும் அலமாரியும் அடுக்களை வாசலும் இருந்தமையால் எல்லா வீட்டிலும் பீரோ அந்தச் சுவரில்தான் சாய்ந்திருந்தது. ஆகவே எல்லா வீட்டாரும் ஒரே நாளில் கட்டில், பீரோ, மெத்தை அனைத்தையும் வெளியேற்றியாக வேண்டும். அந்த நாள் பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும் என்றார்கள். பரீட்சை முடிந்ததும், நான்காம் தெருவில் கல்யாணம் வருகிறது, அது கழியட்டும் என்றார்கள். கல்யாணம் கழிந்ததும் ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் சுவரை அசைப்பதாவது என்றார்கள். ஆடி கழிந்தபின் ஒரு வீட்டில் பச்சை உடம்புக்காரி இருந்தாள், ஒரு வீட்டில் அம்மை போட்டிருந்தது, அதன்பின் மழை வந்தது, மழைக்குப் பின் பண்டிகை வந்தது. கையெழுத்துகள் ஒரு மாதத்துக்கு மேல் செல்லாவாகையால் ராக்கம்மாள் ஒவ்வொரு மாதமும் முந்நூற்றுப் பதினோரு வாசலில் ஏறி இறங்கி மறுபடி கையெழுத்து வாங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் அவளை உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், சங்கிலி எப்படி இருக்கிறான் என்று கேட்டார்கள், கையெழுத்தும் போட்டார்கள். இப்படிப் பதினான்கு மாதங்கள் போயின. சங்கிலியின் குரல் மெலிந்தது. லாரிகளைப் பற்றிச் சொல்வதும் குறைந்தது. ஒருநாள் சாலையில் ஒன்று போனபோது, என்ன பாரம் என்று அவள் கேட்க, சரியாகக் கேட்கவில்லை என்றான்.

வைகாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த நாள் அமைந்தது. மூன்று மணிக்குத் தொடங்கிக் கால் மணி நேரம், அதற்குமேல் ஒரு நிமிடமும் இல்லை என்று தீர்மானத்தில் எழுதியிருந்தார்கள். காலை பத்து மணியிலிருந்தே குடியிருப்பில் இழுக்கும் ஓசையும் தூக்கும் ஓசையும் எழுந்தன. வழியில் நிமிர்த்தித் திருப்பிய கட்டில்களும் இரும்பு பீரோக்களும் சுவரைக் கீறின, பெட்டிகளின் அடியிலிருந்து காணாமற்போன தோடுகளும் பள்ளிக்கூடத்துப் பேனாக்களும் கிடைத்தன, எவரும் முணுமுணுக்கவில்லை. பதினான்கு மாதம் தள்ளிப்போட்டதற்கு ஈடு செய்பவர்களைப்போல, கேட்டதற்கும் அதிகமாகவே சுறுசுறுப்பு காட்டினார்கள். காலண்டரைக்கூடக் கழற்றி வந்தவர்கள் உண்டு. கொண்டுவந்ததையெல்லாம், திருத்த நேரத்தின் வழக்கப்படி, தத்தம் வாசலுக்கு முன்னால் அடுக்கி, அவற்றின்மேல் உட்கார்ந்தார்கள்.

பலகையைத் தூக்க நால்வர் வந்தார்கள்: மாயழகு, சங்கிலியோடு மூட்டை தூக்கிய இருவர், நான்காவதாகப் பரமானந்தம், அவர் வீட்டில் சுவர் நகரப்போவதில்லையாதலால் அன்று வேலையில்லாத கை அவருடையது ஒன்றுதான். ராக்கம்மாள் அவனுக்கு வெள்ளைச் சட்டையை முன்புறமாகப் போர்த்தி, தலை சீவி, வெயில் கூசாதிருக்க நெற்றியில் ஓர் ஈரத்துணியை மடித்து வைத்தாள்.

மூன்று மணிக்குச் சுகந்தி மூன்றை அழித்து ஆறு என்று இட்டாள். தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப்போலச் சுவர் மூன்றடி நகர்ந்து நின்றது. நால்வரும் பலகையைத் தூக்கினார்கள். அறையிலிருந்து நடைக்குள் எதிலும் உரசாமல் திரும்பியது. நடையிலிருந்து கதவை நோக்கி, செல்லக்கனி சுண்ணக்கட்டியால் போட்ட கோட்டின்படியே திரும்பியது. முன்னால் தலை, பின்னர் தோள், பின்னர் மார்பு என்று சங்கிலி வாசற்படியைக் கடந்து வெளியே வந்தான். இடுப்புவரை வந்ததும் பலகை நின்றது.

தெருவின் அகலம் ஒன்பதடி. இருபுறமும் வாசல்கள். ஒரு புறத்துக் கட்டில்கள் மறுபுறத்துக் கட்டில்களை முட்டிக்கொண்டு நின்றன, இடுக்குகளில் பீரோக்கள், பீரோக்கள்மேல் மெத்தைகள், மெத்தைகள்மேல் மனிதர்கள். மூன்றாம் தெரு முழுவதும் அப்படி. ஆறு தெருவும் அப்படி. கிழக்கே தொட்டியடியில் திடல் வெறுமையாகக் கிடந்தது. திருத்த நேரத்தில் தெருவில் நடக்க வேண்டிய தேவை அதுவரை எவருக்கும் வந்ததில்லையாதலால், பதினான்கு மாதக் கூட்டங்களில் இதை ஒருவரும் நினைக்கவில்லை, ராக்கம்மாளும் நினைக்கவில்லை.

முதல் கட்டிலைத் தள்ளினார்கள். அது இரண்டாவதைத் தள்ளியது. இரண்டாவதற்குப் போக இடமில்லை. பொருள்களை உள்ளே கொண்டுபோகலாம் என்றால் உள்ளே அறை ஏழடியாகச் சுருங்கியிருந்தது. ஐந்து நிமிடம் இப்படிப் போயிற்று. ஆறாம் நிமிடத்தில் தூறல் விழுந்தது. இலவம்பஞ்சு மெத்தைகள், நனைந்தால் அழுகிப்போகும். மெத்தைகளின்மேல் இருந்தவர்கள் இறங்கவில்லை, உள்ளங்கைகளைப் பஞ்சின்மேல் விரித்து வைத்துக்கொண்டு, சங்கிலியைப் பார்க்காதிருக்க முயன்றபடி உட்கார்ந்திருந்தார்கள். ராக்கம்மாள் எதிர்வீட்டுப் பீரோவைத் தன் தோளால் முட்டிக்கொண்டிருந்தாள். அது மாயழகின் பீரோ. அதன் பின்பக்கம் சங்கிலியின் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

“உள்ள தூக்குங்கப்பா” என்றான் சங்கிலி. “ஊரு மெத்தை நனையுது.”

“இன்னும் ஒம்போது நிமிசம் இருக்கு” என்றாள் ராக்கம்மாள்.

“இருக்கட்டும் புள்ள.”

“ஒரு பக்கமா ஒதுக்குனா வழி வந்துரும். அண்ணே, சொல்லுங்கண்ணே.”

மாயழகு பலகையின் முனையைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். சங்கிலி கண்ணைத் திருப்பி அவரைப் பார்த்தான். “நாலு வருசங் கழிச்சு வெளிய வந்தேன். ஒம் பீரோவோட முதுகைப் பாத்துட்டேன் மாயழகு. துருப்பிடிச்சிருக்குய்யா, பெயின்ட் அடிச்சு வை.”

அவர்கள் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். மூன்றே காலுக்குச் சுகந்தி தொலைபேசியில் கூப்பிட்டு, முடிந்ததா, சுவரை மீட்கட்டுமா என்று கேட்டபோது, மாயழகு முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். அவள் மகிழ்ச்சியோடு ஆறை அழித்து மூன்று என்று இட்டாள்.

இதன்பின் உறுதியானவற்றைச் சொல்லி நிறுத்தலாம். அன்று மாலையே கூடி, அடுத்த முறை பொருள்களைத் திடலில் வைப்பதென்று எல்லாரும் கையெழுத்திட்டார்கள், நாள் என்ற இடத்தைப் பிறகு நிரப்புவதற்காக விட்டார்கள், அது நிரப்பப்படவில்லை. ராக்கம்மாள் மறுமாதம் கையெழுத்துக்காக எந்த வாசலிலும் ஏறவில்லை. அவள் வராதது பற்றி ஊரில் வருத்தப்பட்டார்கள். ஆண்டு முடிவில் அந்த மென்பொருளின் உரிமக்காலம் தீர்ந்தது. ஞானதுரை வேறொன்றுக்கு மாறினார். அதில் கோப்பைத் திறந்தபோது முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் பிரிக்க முடியாத ஒரே கட்டியாக வந்து நின்றன. வலப்பக்கக் கட்டத்தில் மாற்றக்கூடிய பண்பு ஒன்றும் இல்லை. சுகந்தி வேறு ஊரில் வேலைக்குப் போனாள். நடந்ததை மாயழகு அவளிடம் சொல்லவில்லை. நிலம் தாழ்வது நிற்கவில்லை. இப்போது ஐப்பசித் தண்ணீர் எல்லா வீட்டுக்குள்ளும் வருகிறது. பரமானந்தம் கூட்டங்களில் மறுபடி பேசத் தொடங்கியிருக்கிறார். சங்கிலி தை மாதத்தில் ஒரு புதன்கிழமை முற்பகலில் இறந்தான். பலகை வேண்டாம் என்று ராக்கம்மாளே சொன்னாள். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து அவனை நடையில் நேராக நிறுத்தி, கதவுப்பக்கம் திருப்பி, வெளியே எடுத்தார்கள். தெரு காலியாக இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.